முதல் வரிசையில் சோபா

முக்கால் என்பது அவளுடைய பெயர் அல்ல. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உயரப்படி நிற்கவைத்த விளையாட்டு ஆசிரியர் அவளைப் பிடித்து வரிசையின் தலைமாட்டில் நிறுத்தி, "இது முழு ஆள் இல்ல, முக்கால்" என்றார். அவர் அன்றைக்கே அதை மறந்திருப்பார். கூட நின்றவர்கள் மறக்கவில்லை. இப்போது வயது நாற்பத்தேழு, உயரம் நாலடி எட்டங்குலம், கடைவாய்ப் பல் இரண்டு போயாகிவிட்டது. வேலை செய்யும் பட்டறையில் இன்றும் அவள் முக்கால்தான். கணவரும் மனசு நன்றாக இருக்கும்போது அப்படித்தான் கூப்பிடுவார். நன்றாக இல்லாதபோது "இங்க பாரு" என்பார்.

பட்டறை, மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கும் இடம். வட்டமாக வந்து சேரும் கண்ணாடியை, வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த ஃபிரேமுக்குள் கச்சிதமாக உட்காரும்படி ஓரம் தேய்ப்பது அவள் வேலை. மயிரிழை கூடினால் உள்ளே போகாது. மயிரிழை குறைந்தால் குனியும்போது கழன்று சாப்பாட்டில் விழும். இருபத்துநாலு வருஷமாக அதைச் செய்கிறாள். சின்ன அறை, ஐந்து மெஷின், ஐந்தும் ஒரே நேரத்தில் ஓடும். தண்ணீர் தெறிக்கும், தேய்ந்த தூள் பால்போல வாய்க்காலில் இறங்கும், சத்தம் மண்டைக்குள் போய்க் குடியிருக்கும். அந்தச் சத்தத்தில் ரேடியோவில் எந்தப் பாட்டு போட்டாலும் ஊமையாகிவிடும்.

ஒரு நாள், பக்கத்து மேஜையில் பாலிஷ் போடுகிறவர் ஒரு கேசட் கொண்டுவந்தார். ஹார்ட் ராக். நாலு பேர் கொண்ட குழு: ஒரு பாடகர், ஒரு கிடார்காரர், ஒரு பேஸ் கிடார்காரர், ஒரு டிரம்ஸ்காரர். ஐந்து மெஷினையும் மீறி அது ஒன்றுதான் காதில் விழுந்தது. பெரிய ரசனை, புரட்சி என்றெல்லாம் ஒன்றுமில்லை. கேட்க முடிந்த ஒரே பாட்டு அது, அதனால் பிடித்தது. அது பிடித்த பிறகு வேறெதுவும் பிடிக்கவில்லை. "தகர டப்பாக்குள்ள பூனையைப் போட்டு மாடியிலேருந்து உருட்டி விட்ட மாதிரி இருக்கு" என்று மாமியார் சொல்வார். "அத்தே, அந்தப் பூனை தாளம் தப்பாம கத்துதா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்பாள் இவள்.

அந்தக் குழுவின் பழைய பாட்டு ஒன்றில், நடுவே பாடகர் வாயை மூடிக்கொள்ள, நாற்பது விநாடி கிடார் மட்டும் வரும். கீழே இடிபோல ஒன்று உருண்டுகொண்டே இருக்கும். அதே நேரம் மேலே ஊசிபோல இன்னொன்று ஓடும். "ரெண்டு பேர் வாசிக்கிறாங்க. இல்லாட்டி ஒரே ஆள் ரெண்டு தடவை வாசிச்சு ஒட்டியிருக்கான்" என்றார் பாலிஷ்காரர். "ஒரே ஆள், ஒரே தடவை" என்றாள் இவள். இருபது வருஷமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்தச் சண்டை ஓய்ந்ததில்லை. பாலிஷ்காரருக்குப் பேத்தி பிறந்த அன்றும் நடந்தது.

நேரில் பார்த்தால் தீர்ந்துவிடும். அங்கேதான் கோளாறு. அந்தக் குழுவின் கச்சேரிக்கு அவள் பதினொரு தடவை போயிருக்கிறாள். எல்லாம் நின்று பார்க்கும் கச்சேரிகள். பதினொரு தடவையும் அவள் பார்த்தது முதுகு. வியர்த்த முதுகு, பை மாட்டிய முதுகு, காதலியைத் தோளில் ஏற்றிய முதுகு. "பதினொண்ணையும் கேட்டாச்சு, ஒண்ணைக்கூடப் பார்க்கல" என்பாள். போனில் வீடியோ இருக்கிறதே என்று யாராவது சொன்னால் அவளுக்கு மூக்கு சிவந்துவிடும். அந்த நாற்பது விநாடி வந்தால் போதும், படம் பிடிக்கிறவனுக்குச் சரியாக அப்போதுதான் பாடகரின் தலைமுடி நினைவுக்கு வரும்.

இந்த வருஷம் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கிடார்காரருக்கு அறுபத்துமூன்று வயதாகிறது, விரல் மூட்டுகள் இறுகிக்கொண்டு வருகின்றன, இதுதான் கடைசிக் கச்சேரி.

அவள் ஒரு நாள் லீவு போட்டாள். "இந்தத் தடவை மேடைக்கு முன்னால இருக்கிற தடுப்புக் கம்பியைப் பிடிக்கிறேன். எனக்கும் அந்தக் கைக்கும் நடுவுல ஒரு கொசுகூட இருக்கக் கூடாது" என்று கணவரிடம் சொன்னாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டு லிஃப்ட் குழிகளில் தொங்குகிற மனிதர். கூட்டம் ஆகாது, இந்த இசை அறவே ஆகாது. ஆனாலும் பதினொரு கச்சேரிக்கும் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு கூடவே வந்திருக்கிறார். "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"காலைல அஞ்சு."

"கச்சேரி சாயங்காலம் ஏழுக்குத்தானே?"

"அதான் சொல்றேன், அஞ்சு."

மைதானத்தின் வாசலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு நாய்கூட இல்லை. அவள் முதல் ஆள். இந்தக் குழுவின் ரசிகர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாரும் சட்டம் போடவில்லை, யாரோ எப்போதோ ஆரம்பித்து நிலைத்துவிட்டது. முதலில் வருகிறவர் ஒரு நோட்டுப் புத்தகமும் மார்க்கர் பேனாவும் கொண்டுவர வேண்டும். வருகிறவர்களுக்கு வந்த வரிசைப்படி மணிக்கட்டில் எண் எழுத வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அட்டெண்டன்ஸ். எண்ணைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் எண் போச்சு, கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். காசு உள்ளவன், தடியன், வாயாடி எல்லாருக்கும் ஒரே விதி. வாழ்க்கையில் வேறெங்கும் அவள் இப்படி ஒரு நியாயத்தைப் பார்த்ததில்லை. ரேஷனில் இல்லை, ஆஸ்பத்திரியில் இல்லை, பஸ் ஸ்டாப்பில் சொல்லவே வேண்டாம். குள்ளமான பொம்பளையைத் தாண்டிக் கை நீட்டுவது உலகத்தாருக்கு மூச்சு விடுவதுபோல. இந்த வரிசையில் மட்டும் யாரும் அவள் தலைக்கு மேல் கை நீட்டியதில்லை.

தன் மணிக்கட்டில் ஒன்று என்று எழுதினாள். கணவர் கையில் இரண்டு.

ஏழு மணிக்கு நாற்பது பேர். ஒன்பதுக்கு எழுபது. பதினொரு மணி அட்டெண்டன்ஸில், "ஏழு!" என்றாள். சத்தமில்லை. "ஏழு!" என்று மறுபடி கூப்பிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, நோட்டில் ஒரு கோடு இழுத்தாள். நாலு நிமிஷம் கழித்து ஒரு நர்ஸ் மூச்சிரைக்க ஓடி வந்தாள். இரவு டியூட்டி முடிந்து நேராக வந்தவள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அக்கா, பெட்ரோல் பங்க் பாத்ரூமுக்குப் போனேன். அங்கயும் கியூ."

"ஒரு ஆள் ரெண்டு கியூவுல நிக்க முடியாதும்மா."

"நாலே நாலு நிமிஷம்க்கா!"

"உனக்கு நாலு நிமிஷம் விட்டா, அடுத்தவருக்கு நாப்பது நிமிஷம் விடணும். எண்பத்திமூணு. கையை நீட்டு."

நர்ஸ் கையை நீட்டினாள். ஏழு என்பதை அடித்துவிட்டு எண்பத்துமூன்று எழுதியபோது மார்க்கர் கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது. "ஏன்டி, பாவம் அந்தப் புள்ள" என்று கணவர் முணுமுணுத்தார். "பாவம் பார்த்தா அது கியூ இல்ல, சந்தை" என்றாள் முக்கால்.

நாலு மணிக்கு, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் வாக்கி-டாக்கியுமாக நிர்வாகத்தின் ஆள் ஒருவர் வந்தார். வரிசையை மேலும் கீழும் பார்த்தார். நோட்டை வாங்கிப் புரட்டினார். "இவ்வளவு ஒழுங்கான கூட்டத்தை நான் பார்த்ததே இல்ல மேடம். எத்தனை பேர்?"

"நூத்திப் பன்னெண்டு."

"அருமை. இதே ஆர்டர்ல உள்ள விடுறேன். ஓடாம நடந்து வரணும்."

"நாங்க எப்பவும் ஓட மாட்டோம்" என்றாள். அந்தப் பெருமையில் அவளுக்கு அரை அங்குலம் உயரம் கூடியதுபோல இருந்தது.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. நூற்றுப் பன்னிரண்டு பேரும் எண் வாரியாக, பள்ளிப் பிள்ளைகள்போல உள்ளே நடந்தார்கள். அவள் முன்னால். மேடை தெரிந்தது. டிரம்ஸ் தெரிந்தது. மேடைக்கு முன்னால் இருக்க வேண்டிய கம்பி மட்டும் தெரியவில்லை.

கம்பி இருந்த இடத்தில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். கம்பளத்தின் மேல் சோபா. வெள்ளைச் சோபா, நாலு வரிசை, வரிசைக்குப் பத்து. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கண்ணாடி மேஜை, மேஜை மேல் தண்ணீர் பாட்டில், நடுநடுவே தொட்டிச் செடி. அத்தனைக்கும் பின்னால், மேடையிலிருந்து ஐம்பது அடி தள்ளி இரும்புத் தடுப்பு. அதற்குப் பின்னால்தான் அவர்கள் நிற்க வேண்டுமாம்.

அவள் வாய் திறந்தபடி நின்றாள். "கச்சேரிக்கு... சோபாவா?"

கணவர் பஞ்சை எடுத்துவிட்டு, "தப்பான மைதானத்துக்கு வந்துட்டோமா?" என்றார்.

வாக்கி-டாக்கிக்காரர் எதிர்ப்பட்டார். அவள் அவர் வழியை மறித்தாள். தலை அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குத்தான் வந்தது. பொத்தானைப் பார்த்தே கேட்டாள்: "இது என்ன?"

"ஸ்பான்சரோட விருந்தினருக்கு, மேடம்."

"பல் டாக்டர் கிளினிக்கா இது? உக்காந்து என்ன பண்ணப் போறாங்க, டோக்கன் கூப்பிடுற வரைக்கும் புக்கு படிக்கப் போறாங்களா?"

"கோபப்படாதீங்க மேடம்."

"டிக்கெட்டுல 'மேடைக்கு முன்'னு அச்சடிச்சிருக்கு. படிங்க."

"முன்னாடிதானே மேடம் நிக்கிறீங்க? பின்னாடியா நிக்கிறீங்க?"

அவர் சிரிக்காமல் சொன்னார், அதுதான் கொடுமை. சிரித்திருந்தால் நக்கல் என்று விட்டுவிடலாம். மனுஷர் அதை நியாயம் என்று நம்பிச் சொன்னார். காலை ஐந்து மணியிலிருந்து வெயிலில் நின்றவர்களை மேடைக்கு முன்னால்தான் நிற்கவைத்திருக்கிறோம், இதில் குறை என்ன என்று அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. நாலு மணிக்கே சோபா போட்டாகிவிட்டது. அது தெரிந்துதான் நோட்டைப் புரட்டி 'அருமை' என்றிருக்கிறார். வரிசை ஒழுங்காக இருந்தால் அவருக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான்.

முக்கால் திரும்பினாள். நோட்டை விரித்தாள். "அட்டெண்டன்ஸ்!" என்று கத்தினாள். "ஒண்ணு, இருக்கேன்!"

"ரெண்டு, இருக்கேன்" என்றார் கணவர், கொஞ்சம் கூச்சத்தோடு.

"மூணு, இருக்கேன்!" மூன்றாமவர் ஒரு லாரி டிரைவர். அவர் குரலில் தொட்டிச் செடி ஆடியது. நாலு, ஐந்து, ஆறு என்று ஏறிக்கொண்டே போனது. இருபது தாண்டியபோது மேடையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஐம்பது தாண்டியபோது பின்னால் வந்துகொண்டிருந்த கூட்டமும் சேர்ந்துகொண்டது. நூற்றுப் பன்னிரண்டு முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை, யாரும் தடுப்பைத் தொடவில்லை. இருக்கேன், இருக்கேன் என்று மட்டும்.

மூன்றாவது சுற்றில் வாக்கி-டாக்கிக்காரர் வியர்த்துப்போய் வந்தார். அவளைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டார். உள்ளங்கையில் ஒரு பாஸ் மினுங்கியது.

"மேடம், ஒரு சோபா காலியா இருக்கு. முதல் வரிசை, நடுவுல. உங்களுக்கு மட்டும். இவங்களைக் கொஞ்சம் அமைதியா இருக்கச் சொல்லுங்க."

அவள் அந்தப் பாஸைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. முதல் வரிசை, நடுவில். எட்டடி தூரத்தில் அந்தக் கை. பாலிஷ்காரரின் முகம் ஒரு கணம் வந்துபோனது. அப்புறம், இந்த மனுஷர் தன்னை என்னவென்று எடைபோட்டிருக்கிறார் என்பது உறைத்தது.

"என்னை விலை பேசுறீங்களா?"

"ஐயோ, மரியாதைக்காக மேடம்..."

"மரியாதைன்னா நூத்திப் பன்னெண்டு பாஸ் கொண்டு வாங்க. ஒண்ணைக் கொண்டு வந்தா அதுக்குப் பேர் வேற."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். முக்கால் திரும்பி வந்தபோது தடுப்போரம் நர்ஸ் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"வேண்டாம்னுட்டீங்களாக்கா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற?"

"இல்ல, சும்மா கேட்டேன். காலைல நாலு நிமிஷத்துக்கு என்னை எழுபத்தாறு பேருக்குப் பின்னாடி தள்ளினீங்க. அவங்க சோபா போட்டு எல்லாரையும் தள்ளிட்டாங்க. ரெண்டு பேரும் ரூல் ரூல்னுதான் சொல்றீங்க."

"ரெண்டும் ஒண்ணா? என் ரூல் எனக்கும் சேர்த்துத்தான்."

"நீங்க பாத்ரூம் போனப்ப நோட்டை யாரு வெச்சிருந்தாங்கக்கா?"

நோட்டைக் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். இரண்டு அட்டெண்டன்ஸுக்கு நடுவில் போனதால் யாரும் கேட்கவில்லை. நேரத்தை முடிவு செய்கிறவள் அவள், போகும் நேரத்தையும் அவளே முடிவு செய்துகொண்டாள். முக்காலுக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்கவில்லை. பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். நர்ஸ் இரண்டு எடுத்துக்கொண்டு, "இதுக்காக விட்டுட்டேன்னு நினைக்காதீங்க" என்றாள்.

ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பக்கத்துக் கதவு வழியாக விருந்தினர்கள் வந்தார்கள். இஸ்திரி கலையாத சட்டைகள், வாசனை. "சத்தம் ரொம்ப இருக்குமோ?" என்று ஓர் அம்மா பக்கத்திலிருந்தவரைக் கேட்டது தடுப்பு வரை கேட்டது. லாரி டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

விளக்கு அணைந்தது. டிரம்ஸ் இடித்தது. நெஞ்செலும்பில் அந்த அதிர்வு ஏறியபோது, கோபத்தோடு கோபமாக அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முதல் பாட்டு முழுக்கச் சோபாக்காரர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். அவர்கள் தலைகளுக்கு மேலாக மேடையின் மேல் பாதி தெரிந்தது. பரவாயில்லை, பாதியாவது என்று நினைத்தாள். இரண்டாவது பாட்டில் அவர்கள் எழுந்தார்கள். மூன்றாவதில், எழுந்து நின்றால் தங்களுக்கே தெரியவில்லை என்று சோபாவின் மேல் ஏறினார்கள். செருப்போடு, ஷூவோடு, வெள்ளைச் சோபாவின் மேல். கையில் போனைத் தூக்கிப் பிடித்து, திரும்பி நின்று, மேடையைப் பின்னால் வைத்துத் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டார்கள்.

"உக்காரத்தானேடா சோபா வாங்கினீங்க! உக்காருங்கடா!" என்று அலறினாள். கிடார் சத்தத்தில் அது அவள் காதுக்கே வரவில்லை.

"என் தோள்ல ஏறிக்கோ" என்று கணவர் அவள் காதில் கத்தினார்.

"உங்க இடுப்பு ஏற்கெனவே அவுட் ஆஃப் ஆர்டர்! அப்புறம் உங்களை யார் தூக்குறது?"

ஆறாவது பாட்டின் முதல் அடி விழுந்தது. அந்தப் பாட்டு. இன்னும் மூன்று நிமிஷத்தில் நாற்பது விநாடி வரும், வந்து போய்விடும், பிறகு உலகத்தில் அது கிடையாது. அவள் முன்னால் இருந்தது சோபா மேல் நின்ற ஒரு கொழுத்த மனிதரின் பெல்ட்.

தடுப்பின் ஒரு மூலையில், கட்டைவிரல் தடிமன் ஒயர்கள் கடந்து போகும் இடத்தில், இரும்புக்குப் பதிலாகத் துணிப்பட்டை ஒன்றை மார்பளவு உயரத்தில் கட்டியிருந்தார்கள். மற்றவர்களுக்கு மார்பு. அவளுக்கு நெற்றி. வாழ்நாளில் அவள் ஒரு வரிசையைத் தாண்டியதில்லை. தாண்டியவர்களைச் சும்மா விட்டதும் இல்லை. பட்டையைப் பார்த்தாள். திரும்பினாள். நர்ஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, அதுக்கும் அட்டெண்டன்ஸ் எடுக்கப் போறீங்களா? போங்க!"

நோட்டை நர்ஸின் கையில் திணித்தாள். தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாள், அவ்வளவுதான், உள்ளே இருந்தாள். சோபாக்களுக்கு நடுவே நடந்தாள். மேலே நிற்கிறவர்கள் யாரும் கீழே பார்க்கவில்லை. தொட்டிச் செடியைத் தாண்டி, கம்பளத்தின் விளிம்பைத் தாண்டி, மேடையின் மரப்பலகையில் இரண்டு கையையும் வைத்தாள். பலகை அதிர்ந்தது. எதிரே, நாலடி தூரத்தில், கிடார்காரர்.

நரைத்துவிட்டார். வயிறு போட்டிருந்தது. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. பாடகர் வாயை மூடினார். கட்டைவிரல் கீழ்க் கம்பியில் இடியை உருட்ட ஆரம்பித்தது. அது நிற்காமல் உருண்டுகொண்டிருக்க, சுண்டுவிரலும் ஆள்காட்டி விரலும் மேலே ஏறி ஊசி நூல் கோர்த்தன. ஒரே ஆள். ஒரே கை. நடுவில் இரண்டு இடத்தில் சுரம் விழவில்லை, கட்டிய விரல்கள் செய்ய வேண்டிய இடம். அவர் அந்த ஓட்டைகளை மறைக்கவில்லை, இடியை மட்டும் நிறுத்தாமல் ஓட்டை ஓட்டையாகவே விட்டார். கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? மயிரிழையில் பிழைக்கிறவளுக்குத் தெரிந்தது.

அடுத்த பாட்டு பாதியில், பாதுகாப்புப் பெண் ஒருத்தி அவள் தோளைத் தட்டினாள். "பாஸ்?"

"காலைல அஞ்சு மணிக்கு வந்தேன்."

"பாஸ் இருக்கா, இல்லையா?"

"நின்னவளுக்கு எதுக்குப் பாஸ்? அதோ, சோபா மேல ஷூவோட ஏறி நிக்கிறாங்களே, அவங்களை முதல்ல இறக்குங்க."

"அவங்க விருந்தாளிங்கம்மா."

"அப்ப நாங்க யாரு, வாடகை பாக்கி வெச்சவங்களா?"

பாதுகாப்புப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கையைப் பிடித்து, பக்கத்துக் கதவைத் திறந்து வெளியே விட்டு, தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியே ஜெனரேட்டர்களும் குப்பைத் தொட்டிகளும். சுவருக்கு அந்தப் பக்கம் டிரம்ஸ் இடித்துக்கொண்டிருந்தது. முக்கால் கதவை இரண்டு தட்டு தட்டினாள். காலால் ஓர் உதை விட்டாள். பெருவிரல் வலித்ததுதான் மிச்சம்.

பத்து நிமிஷத்தில் கணவர் முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். காதிலிருந்த பஞ்சில் ஒன்று எங்கோ விழுந்திருந்தது.

"பார்த்தியா?"

"பார்த்தேன். ஒரே ஆள்தான்."

"அப்ப பாலிஷ்காரர் அவுட்!" என்று சொல்லி, பெருமூச்சு விட்டார். "சரி, வந்த வேலை முடிஞ்சுது. வீட்டுக்குப் போலாமா?"

"வீட்டுக்கா? எதுக்கு?" அவள் புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "ஒன்றரைப் பாட்டுதான் பார்த்திருக்கேன். ரெண்டு மணி நேரத்துக்குல்ல டிக்கெட் கொடுத்தாங்க? வாங்க, முன்வாசலுக்கு."

"டிக்கெட்டைத்தான் உள்ள போறப்பவே கிழிச்சுட்டாங்களே?"

"கிழிச்சது அவங்கதானே? அவங்களே ஒட்டிக் கொடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவள் அவருக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள்.